4294967297: வடிவம் பார்த்துப் பிரிக்க வேண்டிய எண்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பத்து இலக்கம், ஒற்றைப்படை, கடைசி இலக்கம் 7. பார்த்தால் பகா எண் போலத்தான் இருக்கும். 1640-இல் கணித அறிஞர் பியேர் டி ஃபெர்மா இதைப் பகா எண் என்றே நம்பினார். 1729 டிசம்பரில் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் இதைப் பற்றி ஆய்லரிடம் கேட்டார். 1732-இல் ஆய்லர் விடையைச் சொன்னார்: 641 × 6700417 = 4294967297.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பெருக்கலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆய்லர் அபாரமாகக் கணக்குப் போடுவார், அதனால் கண்டுபிடித்தார் என்று வாசகர் எண்ணிக்கொள்வார். அது சரியல்ல. ஆய்லர் கையாண்ட வழியைத் தெரிந்துகொண்டால் பள்ளி மாணவர் ஒருவரே தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் இந்த எண்ணைப் பிரித்துவிடலாம். எண்ணின் வடிவமே வழி காட்டுகிறது. அதே வடிவம் சில நல்ல சோதனைகளை ஏமாற்றவும் செய்கிறது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வடிவம். இந்த எண் 2³² + 1. ஃபெர்மா எண்கள் என்ற வரிசையில் 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஒவ்வொன்றோடும் 1 சேரும். 3, 5, 17, 257, 65537 ஆகிய முதல் ஐந்தும் பகா எண்கள். எண்ணுவதைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவது வழக்கம் என்பதால் நம்முடையது ஐந்தாம் ஃபெர்மா எண். அடுக்கு ஏன் இரட்டிக்க வேண்டும்? அடுக்கில் 1-ஐத் தவிர்த்த ஒற்றைப்படைக் காரணி ஏதாவது இருந்தால் எண் உடனே உடைந்துவிடும். 2⁶ + 1 என்பது 4³ + 1; அது 4 + 1-ஆல், அதாவது 5-ஆல் வகுபடும் (65 = 5 × 13). ஆகவே இந்த வடிவத்தில் பகா எண் வேண்டுமென்றால் அடுக்கு 2-இன் அடுக்காகவே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் போதும் என்று ஃபெர்மா நினைத்ததுதான் பிழை.

வழக்கமான சோதனைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, எனவே 3-ஆல் வகுபடாது. 7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் பார்க்கலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலதிலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும்: 297 − 967 + 294 − 4 = −380. 380 இந்த மூன்றில் எதனாலும் வகுபடாது. எனவே நம் எண்ணும் வகுபடாது.

இப்படியே ஒவ்வொரு பகா எண்ணாகப் போனால் என்ன ஆகும்? வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. 641 அவற்றில் 116-ஆவது. நூறுக்கும் மேற்பட்ட நீள் வகுத்தல்களைப் பிழையில்லாமல் செய்து முடிக்கும் பொறுமை பலருக்கு இருக்காது. நடுவில் ஒரு மீதி தவறிப்போனால் 641-ஐக் கண்ணெதிரே தாண்டிப் போய்விடுவோம், அது நமக்குத் தெரியவும் தெரியாது.

ஆய்லரின் வழி இது. ப என்ற பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³²-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி −1 (ப − 1 என்ற மீதியை −1 என்று எழுதுவது கணக்கை எளிதாக்கும்). இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. 2-இன் எந்த அடுக்கில் முதன்முதலாக மீதி 1 வருகிறதோ, அந்த அடுக்கு 64-ஐ வகுக்க வேண்டும். ஆனால் 32-ஐ வகுக்கக் கூடாது, ஏனென்றால் 32-இல் மீதி −1. இரண்டுக்கும் பொருந்துவது 64 மட்டுமே. இப்போது ஃபெர்மாவின் சிறிய தேற்றம்: 2-இன் (ப − 1)-ஆம் அடுக்குக்கு மீதி 1. எனவே ப − 1 என்பது 64-இன் மடங்கு. அதாவது காரணி எதுவானாலும் 64க + 1 என்ற வடிவில்தான் இருக்கும்.

ஃபெர்மாவின் நம்பிக்கையை உடைத்த கருவி ஃபெர்மாவின் சொந்தத் தேற்றம். இந்த எண்ணின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

64க + 1 என்ற பட்டியலை எழுதிப் பாருங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. பகு எண்களை அடித்துவிட்டால் மிஞ்சுவன 193, 257, 449, 577, 641. நூற்றுப் பதினாறு ஐந்தாகச் சுருங்கிவிட்டது.

அந்த ஐந்து வகுத்தலிலும் பத்து இலக்க எண்ணைத் தொடவே வேண்டாம். 2¹⁶ = 65536-ஐ வகுத்து மீதி எடுங்கள், அந்த மீதியை வர்க்கப்படுத்தி மறுபடி மீதி எடுங்கள், 1 கூட்டுங்கள். 193-இல் 65536-க்கு மீதி 109; 109² = 11881-க்கு மீதி 108; 1 கூட்ட 109. பூஜ்ஜியம் இல்லை. 449-இல் 65536-க்கு மீதி 431 வரும். இங்கே 431-ஐ வர்க்கப்படுத்துவது வீண் வேலை. 449-க்கு 18 குறைவு என்பதால் −18 என்று எழுதி வர்க்கப்படுத்தினால் 324. 1 கூட்ட 325. 577-இல் மீதி 335. அதன் வர்க்கம் 112225-க்கு மீதி 287. 1 கூட்ட 288. 641-இல் 65536-க்கு மீதி 154. 154² = 23716. 641 × 37 = 23717. ஒன்று குறைகிறது, ஆகவே மீதி −1. 1 கூட்டினால் பூஜ்ஜியம். முடிந்தது.

257-ஐ விட்டுவிட்டேன், காரணம் அதற்குக் கணக்கே தேவையில்லை. 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. நம் எண் இதைவிட 2 அதிகம். எனவே முந்தைய ஃபெர்மா எண்கள் ஐந்தாலும் வகுத்தால் மீதி எப்போதும் 2. எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பதும் இதே வகையில்தான் வருகிறது.

1878-இல் எதுவார் லூகாஸ் பட்டியலை இன்னும் பாதியாகக் குறைத்தார். 16776960 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2⁸ × (2¹⁶ − 1). அதன் வர்க்கத்தை 4294967297-ஆல் வகுத்தால் ஈவு 65534, மீதி 2. அதாவது, மீதிகளின் உலகில் 16776960 என்பது 2-இன் வர்க்கமூலம். 2-க்கு மீதி 1 வர 64 அடுக்கு தேவை என்றால், அதன் வர்க்கமூலத்துக்கு 128 தேவை. எனவே காரணிகள் 128க + 1 வடிவில் இருந்தாக வேண்டும். பட்டியல் 129, 257, 385, 513, 641. இதில் பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டுமே. 257 தானாக விலகிவிடுகிறது. நேராக 641-க்கு வந்துவிடுகிறோம்.

641 வகுக்கிறது என்பதற்குப் பெருக்கலே இல்லாத நிரூபணம் ஒன்றும் உண்டு. 641 = 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴-உம் கூட (625 + 16). முதலாவதிலிருந்து 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴-க்குப் பதிலாக −2⁴ போடலாம். −2³²-க்கு மீதி 1, ஆகவே 2³² + 1-க்கு மீதி 0. அழகான நிரூபணம்தான். ஆனால் இதை முதலில் கற்பிப்பதை நான் விரும்புவதில்லை. 641 கையில் கிடைத்த பிறகே இதை எழுத முடியும். 641-ஐ எங்கே தேடுவது என்று இது சொல்லாது. தேடும் வழியை முதலில் காட்டிவிட்டு இதைப் பிறகு காட்டினால் மாணவருக்கு இரண்டும் நிற்கும்.

பலரும் தவறவிடும் படி ஒன்று உண்டு. 6700417 பகா எண்ணா? 641-ஆல் வகுத்ததோடு வேலை முடியவில்லை. இங்கும் வடிவம் கைகொடுக்கிறது: 6700417-இன் எந்தப் பகாக் காரணியும் மூல எண்ணின் காரணியே, எனவே அதுவும் 128க + 1 ஆக வேண்டும். 6700417-இன் வர்க்கமூலம் 2588-க்கும் 2589-க்கும் இடையில். அதற்குள் இந்த வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 ஏற்கெனவே விலக்கப்பட்டது. மற்ற நான்கால் வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. பூஜ்ஜியம் எதுவும் இல்லை. 6700417 பகா எண். 641-ஐ இரண்டாம் முறை சோதிக்க மறக்க வேண்டாம். ஒரு காரணி இருமுறை வரக்கூடும்.

பகாக் காரணிகள் தெரிந்ததும் மற்ற அளவுகள் வரிசையாக வந்துவிடும். காரணிகள் மொத்தம் நான்கு. அவற்றின் கூடுதல் 642 × 6700418 = 4301668356. இந்த எண்ணைவிடச் சிறியனவும் இதோடு பொதுக் காரணி இல்லாதனவுமான எண்கள் 640 × 6700416 = 4288266240.

இதைவிடச் சுவையானது இரு வர்க்கங்களின் கூட்டல். 4294967297 = 65536² + 1² என்பது வடிவத்திலேயே தெரிகிறது. இன்னொரு வழியும் உண்டு: 62264² + 20449². 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். இங்கே இரண்டு வழி இருப்பதால் இது பகா எண்ணாக இருக்க முடியாது. அது மட்டுமல்ல, அந்த இரண்டிலிருந்து காரணிகளையும் கறந்துவிடலாம்.

இரட்டைப்படை இரண்டையும் ஒரு பக்கம் வையுங்கள், ஒற்றைப்படை இரண்டையும் மறுபக்கம். வித்தியாசங்கள்: 65536 − 62264 = 3272; 20449 − 1 = 20448. இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 8. வகுத்தால் 409-உம் 2556-உம். கூடுதல்கள்: 65536 + 62264 = 127800; 20449 + 1 = 20450. இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 50. வகுத்தால் அதே 2556-உம் 409-உம் திரும்ப வருகின்றன. வராவிட்டால் எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது என்று பொருள். 8, 50 இரண்டையும் பாதியாக்கி வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 4² + 25² = 641. மற்ற இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் 409² + 2556² = 6700417. திரும்பிப் பார்த்தால் 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. கூட்டினால் 20449, கழித்தால் 1. அந்த ‘+ 1’ எங்கிருந்து வருகிறது என்பது இங்கே தெரிகிறது. இரண்டாவது கூட்டலைத் தேடிக் கண்டுபிடிப்பது நீண்ட வேலை என்பதால் காரணி தேட இது நல்ல வழியல்ல. விடையைச் சரிபார்க்க மிக நல்ல வழி.

இனி ஏமாற்றும் பக்கம். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, 2-ஐ (எண் − 1)-ஆம் அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது பழகிய சோதனை. நம் எண்ணுக்கு 2⁶⁴-இலேயே மீதி 1. எண் − 1 = 2³², அது 64-இன் மடங்கு. எனவே மீதி 1 வந்தே தீரும். சோதனையில் தேறிவிடும், ஆனால் பகா எண் அல்ல. இன்னும் கடுமையான மில்லர்–ராபின் சோதனையும் 2-ஐ அடிமானமாக (அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாக) வைத்தால் ஏமாறும்: 2, 4, 16, 256, 65536 என்று வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் அடுத்ததாக 2³² வந்து நிற்கும், அதன் மீதி −1; வழியில் −1 வந்தாலே இந்தச் சோதனையில் எண் தேறிவிடும். எல்லா ஃபெர்மா எண்களுக்கும் இதே கதி. 2 என்ற அடிமானம் இந்த எண்களைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லாது.

3-ஐ எடுங்கள். 1877-இல் பெப்பான் கொடுத்த சோதனை இதற்கென்றே அமைந்தது: 3-ஐ 31 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மீதி எடுத்தால் கடைசியில் −1 வர வேண்டும், வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 9, 81, 6561, 43046721 வரை மீதி எடுக்கத் தேவையில்லை. ஐந்தாவது வர்க்கம் 1853020188851841. இதை நீள் வகுத்தல் செய்ய வேண்டாம். 2³²-க்கு மீதி −1 என்பதால், எண்ணை 2³²-ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்து ஈவைக் கழித்தாலே போதும்: 3793632897 − 431439 = 3793201458. இப்படியே போனால் 31-ஆவது படியில் கிடைப்பது 10324303. வர வேண்டியது 4294967296. எனவே பகு எண். இன்னும் ஒருமுறை வர்க்கப்படுத்தினால் 3029026160. அது 1 அல்ல என்பதால் ஃபெர்மாவின் சிறிய தேற்றமே நேரடியாக மறுத்துவிடுகிறது. ஃபெர்மா 3-ஐ வைத்து இந்த 32 வர்க்கங்களைப் போட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

காரணி தேடும் முறைகளிலும் இதே பொறி உண்டு. பொல்லார்டின் ‘ப − 1’ முறை (ஓர் அடிமானத்தைச் சிறு காரணிகளால் ஆன அடுக்குக்கு உயர்த்தி, 1 கழித்து, மூல எண்ணோடு மீப்பெரு பொது வகுத்தி எடுப்பது) 641-க்கென்றே செய்தது போன்றது, ஏனென்றால் 640 = 2⁷ × 5, எல்லாம் சிறிய காரணிகள். ஆனால் 2-ஐ அடிமானமாக வைத்தால் இரு காரணிகளுக்கும் 64-ஆம் அடுக்கில் ஒரே நேரத்தில் மீதி 1 வந்துவிடும். மீப்பெரு பொது வகுத்தியாக முழு எண்ணே திரும்பக் கிடைக்கும். 3-ஐ வைத்தால் 3⁶⁴⁰ − 1-இலிருந்து 641 சுத்தமாக வெளியே வரும். ஃபெர்மாவே கொடுத்த இரு வர்க்க வித்தியாச முறை (வர்க்கமூலத்துக்கு மேலுள்ள எண்களை ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்தி, மூல எண்ணைக் கழித்தால் வர்க்கம் மிஞ்சுகிறதா என்று பார்ப்பது) இங்கே அறவே உதவாது. காரணிகள் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருப்பதால் 65537-இல் தொடங்கி 3350529 வரை, கிட்டத்தட்ட 33 லட்சம் படி ஏற வேண்டும்.

கணினியில் போடுபவர்களுக்கு: 32 பிட் குறியில்லா முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 4294967295. நம் எண்ணை அதில் வைத்தால் 1 ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் 1-ஐ 32 இடம் இடப்புறம் நகர்த்தினால் 1-தான் வரும், 2³² வராது. 64 பிட் எடுத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மீதிகள் 0 முதல் 2³² வரை இருக்கலாம். அந்தக் கடைசி மதிப்பின் வர்க்கம் சரியாக 2⁶⁴, 64 பிட்டில் கொள்ளாத முதல் எண். அது 0 ஆகிவிடும். வர வேண்டிய மீதி 1. அரிதாக நடப்பதுதானே என்று விட முடியாது. 2-ஐ அடிமானமாக வைத்து வர்க்கப்படுத்தும்போது ஆறாவது படியில் இது கட்டாயம் நடக்கும். மீதி 2³²-ஆக இருக்கிறதா என்று தனியாகப் பார்த்து, இருந்தால் 1 என்று எழுதிவிடுவது நல்லது. விரிதாள் மென்பொருள்களில் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் போய்விடும். பத்து இலக்க மீதியின் வர்க்கம் 20 இலக்கம் வரை போகும் என்பதால் ஓசையில்லாமல் தவறான விடை வரும். பைதானில் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை, கவலையில்லை.

641-இன் தசம விரிவையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 1/641 = 0.0015600624024960 9984399375975039… இந்த 32 இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் 16 இலக்கத்தையும் அடுத்த 16 இலக்கத்தையும் கூட்டினால் எல்லாமே 9. 5⁴-க்கு மீதி −2⁴ என்று மேலே பார்த்தோம்; எனவே 5¹⁶-உம் 2¹⁶-உம் ஒரே மீதி, 10¹⁶-க்கும் 2³²-க்கும் ஒரே மீதி, அதாவது −1. 641 நம் எண்ணை வகுக்கும் அதே காரணத்தால்தான் 10¹⁶ + 1-ஐயும் வகுக்கிறது.

வடிவியலுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள தொடர்பு கணித அறிஞர் காஸ் வழியாக வருகிறது. 1796-இல் அவர் ஒழுங்கு 17-கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டார். ஒற்றைப்படைப் பக்கங்கள் என்றால், வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கல்பலனாக அந்த எண்ணிக்கை இருந்தால் மட்டுமே வரைய முடியும். ‘மட்டுமே’ என்ற பாதியை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான். எனவே இப்படி வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பல்கோணங்கள் 31. அவற்றில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். நம் எண்ணுக்கு 2 குறைவு.

பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றைப்படைக்கு 1, இரட்டைப்படைக்கு 0 என்று எழுதி ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். முதல் 32 வரிகளும் சரியாக 4294967295-இன் 32 காரணிகள். முதல் 1-ஐ விட்டால் மிஞ்சுவன அந்த 31 பல்கோணங்களே. 33-ஆவது வரி 1, நடுவில் 31 பூஜ்ஜியங்கள், பிறகு 1. அதுதான் 4294967297. ஒழுங்கு அந்த வரியில் முறிகிறது, காரணம் 641.

அடுத்த எண்ணான 2⁶⁴ + 1-க்கும் இதே வழியில் போகலாம். காரணிகள் 256க + 1 வடிவில் இருக்கும். ஆனால் இங்கே க = 1071 வரை ஏறினால்தான் 274177 கிடைக்கும்; மற்றது 67280421310721, அதுவும் பகா எண். 1880-இல் லாந்த்ரி இந்த இரண்டையும் வெளியிட்டார். அதற்கு மேலே போகப் போக வடிவம் தரும் சலுகை போதாமல் போகிறது. 24-ஆம் ஃபெர்மா எண் பகு எண் என்பதைப் பெப்பான் சோதனை 1999-இல் காட்டியது. அதன் காரணி ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.